ஆறாயிரம் லொக் வரிகளைக் கையால் மாற்றலாமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. மட்டக்களப்பில் சின்ன மென்பொருள் கொம்பனி ஒன்றில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வாழைச்சேனைப் பக்கத்து அரிசி ஆலைகள் சில நெல் நிறுவைக்கும் கொள்வனவுக் கணக்குக்கும் எங்கள் மென்பொருளைத்தான் பாவிக்கின்றன. ஜாவாவில் 2011இல் எழுதத் தொடங்கியது. லொக் (மென்பொருள் தான் செய்வதைக் கோப்பில் எழுதும் குறிப்பு) எல்லாம் லொக்4ஜே 1.2.17 என்ற நூலகத்தின் வழியாக. வங்கி ஒன்றுடன் இணைப்பதற்காகப் பாதுகாப்புப் பரிசோதனை நடந்தது. இந்த நூலகத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். 1,100 கோப்புகள், ஏறக்குறைய 6,000 லொக் வரிகள் இருக்கின்றன. தேடி மாற்றும் கட்டளை ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், 340 கம்பைல் பிழைகள் (கணினி ஓட்டும் வடிவத்துக்குக் கோட்டை மாற்றும்போது வரும் பிழைகள்) வந்தன. பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். ஒரு சனி ஞாயிறில் முடிக்கலாம்தானே என்கிறார் முதலாளி. ஏஐயிடம் கொடு என்கிறான் கூட வேலை செய்கிற தம்பி. கையால் மாற்றவா, கருவி பாவிக்கவா? கருவியை எவ்வளவு நம்பலாம்?

கல்லடி வாசகி

பதில்:

தங்கச்சி, திருப்பி வைத்தது நல்ல வேலை. 340 பிழைகளையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தால், பிழை காட்டாமலே தவறாக மாறிய வரிகள் உள்ளே அப்படியே தங்கியிருக்கும். கம்பைல் பிழை நமக்கு உதவி செய்கிறது, இடத்தைக் காட்டித் தருகிறது. நான் பயப்படுவது அழகாகக் கம்பைல் ஆகி, வேறு பொருள் தரும் வரிகளுக்கு.

முதலில் இந்த வாரத்து வேலை. முழு மாற்றத்தை அவசரமாகச் செய்யத் தேவையில்லை. லொக்4ஜே 1இன் கடைசி வெளியீடுதான் உங்களிடம் இருக்கும் 1.2.17. அது வந்தது 2012இல். 2015 ஓகஸ்ட்டில் அந்த வரிசையே முடிந்தது என்று அதை வெளியிடும் அப்பாச்சி அமைப்பு அறிவித்துவிட்டது. 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய லொக்4ஷெல் ஓட்டை லொக்4ஜே 2இல் இருந்தது, உங்கள் பதிப்பில் இல்லை. அதை வைத்து 'நாங்கள் பழையதில் இருந்து தப்பினோம்' என்று நிறையப் பேர் அப்போது சொன்னார்கள். ஆனால் பழையதிலும் ஓட்டைகள் உண்டு. வலை வழியாக லொக் வாங்கும் சொக்கெட் சேர்வரில் ஒன்று, செய்தி வரிசைக்கு அனுப்பும் ஜேஎம்எஸ் அப்பென்டரில் ஒன்று, தரவுத்தளத்துக்கு எழுதும் ஜேடிபிசி அப்பென்டரில் ஒன்று (அப்பென்டர் என்பது லொக்கை ஓரிடத்துக்கு எழுதும் பகுதி). நீங்கள் கோப்புக்கு மட்டும் எழுதினால் இவை உங்களை நேரடியாகத் தொடாமல் போகலாம். ஆனாலும் திருத்த ஆளில்லாத நூலகத்தை வங்கிக்காரர் ஏற்கமாட்டார். அவர் கேட்பது நியாயம்தான்.

லொக்4ஜேயைத் தொடங்கிய ஜெகி குல்ஜு என்பவரே 2022 தொடக்கத்தில் ரீலோட்4ஜே என்ற ஒன்றை வெளியிட்டார். 1.2.17இல் இருந்து கிளைத்தது, கோட்டில் அழைக்கும் பேக்கேஜ் பெயர் மாறவில்லை, அந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டவை. பில்ட் கோப்பில் (எந்தெந்த நூலகம் வேண்டும் என்று எழுதும் கோப்பு) பழைய ஜாரை, அதாவது நூலகப் பொதியை, எடுத்துவிட்டு இதை வையுங்கள். உங்கள் 6,000 வரிகளில் ஒன்றையும் தொடவேண்டாம். வேறு நூலகங்களின் வால் பிடித்துக்கொண்டு பழைய ஜார் திரும்ப உள்ளே வரும், ஆகவே பில்ட் கருவியான மேவனின் டிபென்டென்சி மரத்தை (எந்த நூலகம் எதை இழுத்து வருகிறது என்ற பட்டியல்) ஒருதரம் அச்சிட்டுப் பார்த்து, வருகிற வழியையெல்லாம் மூடுங்கள். இது அரை நாள் வேலை. பரிசோதகருக்கு இப்போதைக்கு ஒரு பதில் கிடைக்கும், உங்களுக்கு இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். அந்த அவகாசம் ஏன் முக்கியம் என்றால், பெரும்போக அறுவடை தொடங்கினால் தை கடைசியில் இருந்து பங்குனி வரை ஆலைகளில் லொறி வரிசை நிற்கும். அந்த நாட்களில் நிறுவை மென்பொருளில் கை வைக்கக் கூடாது. முதலாளிக்கு இதைச் சொன்னால் விளங்கும், அவருக்கு வரும் போன்களும் அந்த மாதங்களில்தானே.

இனி முழு மாற்றம். எங்கே போவது? உங்கள் கோட் எஸ்எல்எஃப்4ஜே என்ற ஏபிஐயுடன் (லொக் எழுதச் சொல்லும் பொது இடைமுகம்) மட்டும் பேசட்டும், அடியில் எழுதும் வேலையை லொக்பேக் என்ற நூலகம் செய்யட்டும். இரண்டும் அதே குல்ஜுவின் கைவேலைதான். லொக்4ஜே 2ஐ அடியில் வைத்தாலும் குற்றமில்லை. கோட் பேசுவது நடுவில் இருக்கிற ஏபிஐயுடன் என்பதால் நாளைக்கு அடியில் இருப்பதை மாற்றினால் 1,100 கோப்புகளை மறுபடி தொட வேண்டிவராது.

உங்கள் தேடி மாற்றும் கட்டளை ஏன் தோற்றது என்று பாருங்கள். அது எழுத்தைத்தான் பார்க்கிறது. 'லொக்' என்று ஒரு மாறி இருந்தால் அது லொக்கரா (லொக் எழுதும் பொருள்), நிறுவைப் பதிவு அட்டவணையின் பொருளா என்று அதற்குத் தெரியாது. நெல் ஆலை மென்பொருளில் 'வெயிட் லொக்' என்ற பெயரில் நாலு வகுப்பாவது இருக்கும் என்று நினைக்கிறேன். எஸ்எல்எஃப்4ஜேயுடன் வரும் மைக்ரேட்டர் கருவியும் வரி வரியாக வடிவம் பார்த்து மாற்றுவதுதான். கோப்பை அந்த இடத்திலேயே திருத்திவிடும், பில்ட் கோப்பைத் தொடாது. ஐம்பது கோப்பு என்றால் அது போதும். உங்கள் அளவுக்கு ஓபன்ரீரைட் என்ற கருவியை எடுங்கள். அது கோட்டைக் கம்பைலர் போலவே வாசித்து, ஒவ்வொரு பெயரும் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு மாற்றும். தொடாத வரிகளின் இடைவெளியும் கொமென்டும் அப்படியே இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் தங்கள் சொந்த லொக் நூலகத்தில் இருந்து எஸ்எல்எஃப்4ஜேக்கு வருவதற்காகத் தொடங்கிய வேலையில் இருந்துதான் இந்தக் கருவி வளர்ந்தது. உங்கள் பிரச்சினைக்காகவே பிறந்தது என்று சொல்லலாம்.

லொக்4ஜே 1இல் இருந்து எஸ்எல்எஃப்4ஜேக்குப் போகும் ரெசிபி (மாற்ற விதிகளின் தொகுப்பு) அதில் தயாராக இருக்கிறது. மேவன் வழியாக முதலில் வெள்ளோட்டம் விடுங்கள். கோட்டைத் தொடாமல், என்ன மாறும் என்று ஒரு பெச் கோப்பை (மாற்றங்களின் பட்டியல்) டார்கெட் அடைவுக்குள் எழுதித் தரும். கோட் ஒழுங்காகக் கம்பைல் ஆகிற நிலையில்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வகை தெரியாத இடங்களைப் பேசாமல் விட்டுவிடும். சின்ன மொடியூல் ஒன்றில் தொடங்குங்கள். ஏபிஐ மாற்றத்தை ஒரு கொமிட்டாகவும் (தனியே சேமிக்கும் மாற்றம்), கூட்டல் குறி போட்டு ஒட்டிய செய்திகளை {} வடிவத்துக்கு (மதிப்பு வரவேண்டிய இடத்தில் {} குறி வைப்பது) மாற்றுவதை வேறொரு கொமிட்டாகவும் வையுங்கள். இரண்டையும் கலந்தால் பிறகு யாராலும் வாசிக்க முடியாது.

6,000 வரி டிஃபை (பழையதும் புதியதும் வேறுபடும் வரிகள்) எப்படி வாசிப்பது? வரி வரியாக வாசித்தால் இருநூறாவது வரியில் கண் களைத்துவிடும். மாறிய வரிகளை வடிவப்படி கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். இறக்குமதி வரிகள் ஒரு கூட்டம், லொக்கர் பிரகடனம் ஒரு கூட்டம், ஒரே ஒரு எழுத்துத் தொடரைத் தரும் அழைப்புகள் ஒரு கூட்டம். இவற்றில் பத்துப் பத்தாகப் பார்த்தால் போதும். மிஞ்சி நிற்பது சில நூறு வரிகள்தான், கவனம் முழுவதும் அங்கே வேண்டும்.

அந்தச் சில நூறில் ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். பழைய வரி இப்படி இருக்கும் என்று வையுங்கள்:

லொக்.எரர்("பில் " + பில்எண் + " பதியவில்லை: " + எக்ஸ்)

எக்ஸ் என்பது எக்செப்ஷன், ஓடும்போது எழும் பிழையின் பொருள். இதை {} வடிவத்துக்கு மாற்றினால்:

லொக்.எரர்("பில் {} பதியவில்லை: {}", பில்எண், எக்ஸ்)

பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள். கடைசியாக வரும் எக்செப்ஷனை லொக்பேக் தனியே எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டாவது {} நிரப்பப்படாமல் {} என்றே செய்தியில் நிற்கும், கீழே ஸ்டாக் டிரேஸ் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) முழுதாக விழும். முன்பு ஒரே வரியில் முடிந்த இடத்தில் இப்போது ஐம்பது அறுபது வரி வரும். பிழை தேடுகிறவருக்கு இது நல்லது, ஸ்டாக் டிரேஸ் கட்டாயம் வேண்டும். அந்த இரண்டாவது {}ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் அந்தக் கோப்பை வரி எண்ணி வாசிக்கிற ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் அது குழம்பும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இன்னும் சில வடிவங்கள். எக்செப்ஷனை மட்டும் தனியாகக் கொடுத்த வரி லொக்4ஜே 1இல் செல்லும், எஸ்எல்எஃப்4ஜே எழுத்துத் தொடர்தான் கேட்கும், ஆகவே கம்பைல் பிழை வரும். உங்கள் 340இல் பெரிய பங்கு இதுவாக இருக்கலாம். ஓட்டத்தின் நடுவில் லொக்கரின் மட்டத்தை (எவ்வளவு கடுமையான செய்தியில் இருந்து எழுதுவது என்பதை) மாற்றும் கோட்டுக்கு எஸ்எல்எஃப்4ஜேயில் நேரடி வழி இல்லை. சொந்தமாக எழுதிய அப்பென்டர் இருந்தால் அதைக் கையால்தான் திருப்பி எழுத வேண்டும்.

எம்டிசி (ஒவ்வொரு லொக் வரியிலும் சேர்க்கக்கூடிய மதிப்புகளை வைக்கும் இடம்) பாவிக்கிறீர்களா? ஆலை இலக்கத்தை அதில் போட்டு ஒவ்வொரு வரியிலும் அச்சிடுவது இப்படியான மென்பொருளில் வழக்கம். லொக்4ஜே 1இல் ஒரு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று) புதிதாக இன்னொரு திரெட்டைத் தொடங்கினால் எம்டிசி மதிப்பும் கூடவே போகும். இப்போதைய லொக்பேக்கில் போகாது. பின்னணியில் ஓடும் வேலைகளின் லொக் வரிகளில் ஆலை இலக்கம் வெறுமையாக வரும். கம்பைலரும் சொல்லாது, டெஸ்ட்டும் சொல்லாது. திரெட் தொடங்கும் இடங்களைத் தேடி, மதிப்பைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் இரண்டு வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எஸ்எல்எஃப்4ஜேயில் ஃபேட்டல் (மிகக் கடுமையான பிழை) என்ற மட்டம் கிடையாது. ரெசிபி அதை அடுத்த மட்டமான எரர் ஆக்கிவிடும். சரியான முடிவுதான், வேறு வழியும் இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் இதே மாற்றத்தை ஒரு வாடிக்கையாளருக்குச் செய்தேன். கோட் சுத்தமாக மாறியது, டெஸ்ட் எல்லாம் பச்சை. அந்தச் சேர்வரில் ஒரு மூலையில், எனக்கு முன் வேலை செய்த யாரோ எழுதிய நாலு வரி ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் லொக் கோப்பில் ஃபேட்டல் என்ற சொல்லைத் தேடும், கண்டால் பொறுப்பாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். அவ்வளவுதான். மாற்றத்துக்குப் பிறகு அந்தச் சொல் லொக்கில் வரவே இல்லை. இரவு நேர பெக்கப் ஒன்பது நாள் தோற்றுக்கொண்டே இருந்தது, லொக்கில் எரர் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டும் இருந்தது, ஒருவருக்கும் எஸ்எம்எஸ் போகவில்லை. பத்தாம் நாள் டிஸ்க் பழுதாகியிருந்தால் அவர்களுடைய ஒன்பது நாள் கணக்கு போயிருக்கும். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பொறுப்பாளர் போனில் "எஸ்எம்எஸ் வராததால் எல்லாம் நல்லா இருக்கு எண்டு நினைச்சன்" என்று சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் என்னை நம்பியிருந்தார்.

ஆகவே கருவியை ஓட்டுவதற்கு முன், உங்கள் லொக்கை யார் யார் வாசிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரொன் வேலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஆலைக்கும் கோல் எடுத்து, கணினி பார்க்கிறவரிடம் கேளுங்கள். மாத முடிவில் எக்செலுக்கு லொக்கில் இருந்து எதையாவது எடுக்கிறாரா? பிழை வந்தால் எந்தச் சொல்லைத் தேடுகிறார்? திகதி எந்த வடிவத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறார்? இப்படிக் கேட்டால் நீங்கள் கேள்விப்படாத ஸ்கிரிப்ட் ஒன்று இரண்டு கட்டாயம் வெளியே வரும். ஃபேட்டலைத் தேடுகிறவர் இருந்தால் அந்த எரர் வரிகளில் ஃபேட்டல் என்று ஒரு மார்க்கரை (அடையாளச் சொல்) வைத்து, லொக்பேக் வரி வடிவத்தில் மார்க்கரையும் அச்சிடச் சொல்லுங்கள். அந்த ஸ்கிரிப்ட் முன்போலவே ஓடும்.

அப்புறம் லொக் எங்கே எப்படி எழுதப்படும் என்று சொல்லும் கன்ஃபிக் கோப்பு. கோட்டை மாற்றும் ரெசிபி அதை உங்களுக்காக லொக்பேக்குக்கு எழுதித் தரும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கோப்புதானே, கையாலேயே எழுதுங்கள், ஒவ்வொரு வரியையும் விளங்கிக்கொண்டு எழுதுங்கள். நம் ஊருக்கு முக்கியமான ஒன்று எழுத்துக் குறியாக்கம். லொக்4ஜே 1இல் குறியாக்கம் எழுதாவிட்டால் அது இயங்குதளத்தின் இயல்பை எடுத்துக்கொள்ளும். ஆலைகளில் இருக்கும் பழைய வின்டோஸ் கணினிகளில் விவசாயியின் தமிழ்ப் பெயர் லொக்கில் வெறும் கேள்விக்குறிகளாக விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜாவா 18இல் இருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பானது. லொக்பேக் என்கோடரில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். தமிழ், சிங்களப் பெயர்கள் முதல் தடவையாக ஒழுங்காகத் தெரியும். இன்னொன்று, பழைய நாளாந்தச் சுழற்சி அப்பென்டர் பழைய கோப்புகளை ஒருநாளும் அழிக்காது. புதியதில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று குறிப்பிடலாம். ஆனால் அந்த எண்ணைப் போடும்முன் கணக்கரிடம் கேளுங்கள், யாராவது போன வருட லொக்கைப் பார்க்க வருகிறாரா என்று.

லொக்கை வரிசையில் வைத்துப் பிறகு எழுதும் அசின்க் அப்பென்டரை இப்போது சேர்க்காதீர்கள். கரண்ட் திடீரென்று நின்றால் வரிசையில் நின்ற வரிகள் போய்விடும். வரிசை நிறையத் தொடங்கினால் இன்ஃபோ மட்டமும் அதற்குக் கீழே உள்ளவையும் இயல்பாகவே கைவிடப்படும். ஆலைக்கு அந்த வேகம் தேவையுமில்லை.

ஜார்களில் இரண்டு பொறி. எஸ்எல்எஃப்4ஜே 2ஐயும் லொக்பேக் 1.2ஐயும் சேர்த்து வைத்தால் அவை ஒன்றையொன்று அறியாது. தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரும், பிறகு மென்பொருள் லொக்கே இல்லாமல் சந்தோஷமாக ஓடும். பதிப்புகளை ஜோடி பார்த்து எடுங்கள். மற்றது, இன்னும் லொக்4ஜே 1 கேட்கும் வெளி நூலகங்களுக்காகப் பாலம் போடுவீர்கள், லொக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே. அதை வைக்கும்போது ரீலோட்4ஜேயை எடுத்துவிடுங்கள், இரண்டிலும் ஒரே பெயரில் வகுப்புகள் இருக்கின்றன. எஸ்எல்எஃப்4ஜேயில் இருந்து லொக்4ஜேக்குப் போகும் எதிர்ப் பாலமும் கூட இருந்தால் செய்தி இரண்டுக்கும் இடையில் சுற்றிச் சுற்றி ஸ்டாக் நிரம்பி விழும்.

தம்பி சொன்ன ஏஐ யோசனை. ரெசிபியின் கன்ஃபிக் எழுதவோ, லொக்பேக் எக்ஸ்எம்எல்லுக்கு முதல் வரைவு எடுக்கவோ பாவிக்கலாம், நானும் பாவிக்கிறேன். ஆனால் 6,000 வரிகளையும் அதனிடம் கொடுத்து மாற்றாதீர்கள். ரெசிபி பிழைவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிழைவிடும், ஒரு இடத்தில் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கண்ட மாதிரி. ஏஐ ஒவ்வொரு கோப்பையும் புதிதாக ஊகிக்கிறது, போகிற வழியில் செய்தியின் சொற்களையும் 'நன்றாக்கி' விடும். அந்தச் சொற்களைத்தான் யாரோ தேடிக்கொண்டிருக்கிறார். உண்மையான லொக் கோப்பை ஒட்டிக் கேட்பதும் வேண்டாம். அதில் விவசாயிகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்துவிட்டது. அந்த இலக்கங்களை லொக்கில் முழுதாக எழுதும் வரிகளை இந்த மாற்றத்தோடேயே கண்டுபிடித்து மறைத்துவிடுங்கள், வேறொரு கொமிட்டாக.

கருவியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். இப்படி அளந்து பாருங்கள். ஓர் ஆலையின் ஒரு நாள் தரவை எடுத்துக்கொள்ளுங்கள், பிழைகள் நடந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் அதையே ஓட்டுங்கள். இரண்டு லொக் கோப்புகளிலும் நேரத்தையும் திரெட் பெயரையும் வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். எந்த வகுப்பில் இருந்து எந்த மட்டத்தில் எத்தனை வரி என்று எண்ணி அருகருகே வையுங்கள். எண்ணிக்கை கூடினால் ஒரே வரி இரண்டு தரம் விழுகிறது என்று அர்த்தம், அடிட்டிவிட்டியை (ஒரு லொக்கரின் வரி மேலே உள்ள லொக்கருக்கும் போகும் அமைப்பு) பாருங்கள். குறைந்தால் எங்கோ மட்டம் மாறிவிட்டது. ஃபேட்டல் எரர் ஆனது போல, நீங்கள் காரணம் சொல்லக்கூடிய வித்தியாசம் மட்டும் மிஞ்சும் வரை விடாதீர்கள். ஒரு சனி ஞாயிறில் ரெசிபி ஓடி முடியும், முதலாளி சொன்னது அந்த அளவில் சரி. இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு வாரம் கேளுங்கள்.

பிறகு ஒரே ஓர் ஆலையில் வையுங்கள். கிட்டத்தில் இருக்கிற, போன் எடுத்தால் பதில் சொல்கிற ஆளுள்ள ஆலையாகப் பாருங்கள். முதல் நாள் பின்னேரம் அங்கே நேரில் போய், வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கி, அவருடைய போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.